உட்காருவதற்கு ஒரு பரீட்சை

அலுவலகத்தில் அவனைப் பிசின் என்றுதான் கூப்பிடுவார்கள். சலவை இயந்திரம் வாங்கியவர்களின் புகாரைத் தொலைபேசியில் கேட்டுச் சமாதானம் சொல்வது அவன் வேலை. நாற்காலியில் ஒட்டிக்கொள்வது அவன் குணம். தண்ணீர் குடிக்க வேண்டுமா, நாற்காலியோடு போவான். குதிகாலால் ஓர் உதை. மீதியைச் சக்கரம் பார்த்துக்கொள்ளும். கழிப்பறை வாசல்வரை உருண்டுபோய், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ஊழியர்களைப் பரிசோதிக்க வந்த டாக்டரம்மா அவன் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“சர்க்கரையும் ஏறியிருக்கு. நாள் பூரா உட்கார்ந்தே இருந்தா தொடைச் சதைக்கு வேலை இல்ல. சும்மா கிடக்குற சதை சர்க்கரையைச் சரியா எடுத்துக்காது” என்றவர், மேலாளர் பக்கம் திரும்பினார். “இவரோட நாற்காலியை எடுத்துட்டு, நின்னு வேலை பார்க்கிற உயர மேசை போடுங்க.”

பிசின் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். “டாக்டர், வேற எதை வேணாலும் எடுத்துக்கோங்க.”

“சரி. அடுத்த மாசம் வருவேன். கையை ஊன்றாம தரையில உட்கார்ந்து, ஊன்றாம எழுந்திரிங்க. செஞ்சிட்டா நாற்காலி உங்களுக்கு.”

அன்று மாலையே வீட்டில் முயன்றான். உட்காருவதில் ஒரு சிரமமும் இல்லை. அது கிட்டத்தட்ட விழுவதுதான். மனைவி வேலை முடிந்து வந்தபோது கூடத்து நடுவில் கிடந்தான்.

“என்னங்க பண்றீங்க?”

“எழுந்திரிக்கப் பழகுறேன்.”

“எப்பருந்து?”

“வெயில் இருந்தப்ப ஆரம்பிச்சேன்.”

அவள் உள்ளே போய் ஒரு கூடை வெங்காயத்தோடு வந்தாள். “உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தீங்க, இதை உரிச்சு வைங்க.”

மறுநாள் பழைய செய்தித்தாள்களை முழங்கால் உயரத்துக்கு அடுக்கினான். அதில் உட்கார்ந்து எழுந்தான். கொஞ்சம் பழகியதும் மேலிருந்து ஒரு கட்டு தாளை உருவினான். அடுக்கு குறையக் குறைய அவன் தரையை நெருங்கினான். அலுவலகத்திலும் அழைப்புக்கு நடுவே எழுந்து உட்கார்ந்தான். முட்டி கடகடவென்று சத்தம் போட்டது.

“இதே சத்தம்தான் சார் எங்க மிஷின்லயும் வருது” என்றார் ஒரு வாடிக்கையாளர்.

சொன்னபடி டாக்டரம்மா வந்தார். குருவி என்று எல்லோரும் கூப்பிடும் பக்கத்து மேசைப் பெண் உட்பட எல்லோரும் சுற்றி நின்றார்கள். பிசின் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பல்லைக் கடித்தான். முகம் சிவந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. ஆனால் எழுந்துவிட்டான்.

“இதுக்கா ஒரு மாசம்?” என்று மேலாளர் சிரித்தார்.

“நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்” என்றார் டாக்டரம்மா.

மேலாளர் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சற்று நேரம் கூரையைப் பார்த்தார். “ஃபேன்ல தூசு இருக்கு, துடைக்கச் சொல்லணும்” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “தம்பி, அந்த நாற்காலியை இப்படித் தள்ளு.”

ஜெயித்த மிதப்பில் பிசின் தள்ளிவிட்டான். மேலாளர் அதன் கையைப் பிடித்து, இழுத்து, ஏறி, பொத்தென்று உள்ளே விழுந்தார். முதுகைச் சாய்த்தார். முகம் மாறியது.

“இவ்வளவு சுகமாவா இருக்கும்?”

“சார், அது என்னோடது.”

“உனக்குத்தான் எழுந்திரிக்கத் தெரியுதே. இனிமே இது எனக்குத்தான் தேவை.” குதிகாலால் ஓர் உதை. நாற்காலி நடைபாதையில் உருண்டது.

“அண்ணே, இன்னும் பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே” என்றாள் குருவி.

பிசின் ஓடினான்.

“கையை நல்லா வீசி ஓடுங்க” என்று டாக்டரம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.