பிறந்த வீட்டு ரத்தம்

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். முருகலட்சுமி படுத்தாள். நெஞ்சில் தடவிய பசை சில்லென்றிருந்தது. எதிரே திரையில் சாம்பல் நிறமாக ஏதோ திறந்தது, மூடியது, திறந்தது. கூடவே ஒரு சத்தம். பரளச்சி ஊர்ப் புஞ்சையில் காய்ந்த சோளத்தட்டைக்குள் காற்று புகுந்து போகிற சத்தம். நாற்பத்தொரு வருசமாக இந்த இரைச்சல் தனக்குள்ளேயா இருந்தது? கேட்கக் கேட்கக் கண் சொக்கியது. பயமே வரவில்லை.

அவளுக்கு எதற்குப் பயம்? அவள் பிறந்த வீட்டில் ஆண்கள்தானே அப்படிச் செத்தார்கள். கொத்தமல்லிச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த அப்பா, முதுகுக்கு நடுவே யாரோ கிழிக்கிறாற்போல் இருக்கிறதென்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போன ஆவணியில் அண்ணன் உக்கிரபாண்டியும் அதேபோல்தான் போனான். குலசாமிக்கு நேர்ந்த கிடாயை வெட்டாத குற்றம் என்றது ஊர். தாலி ஏறிய அன்றே அவளுக்குப் புருசன் வீட்டுச் சாமி வந்துவிட்டது. பிறந்த வீட்டுச் சாமியின் கோபம் எல்லை தாண்டி அவளைத் தேடி வராது. அண்ணனைத் தூக்கிப்போன அன்று மாரிலடித்து அழுதபோதும் அந்த நிம்மதி உள்ளே ஓரமாகக் கிடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று அண்ணனைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா அன்றே சொல்லியிருந்தார். எட்டு மாதம் இழுத்தடித்து, இன்றுதான் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினார்கள். தம்பி மாரிக்கண்ணனுக்கு முதலில் எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

டாக்டரம்மா திரையில் புள்ளி வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்ததும் தம்பியையும் உள்ளே கூப்பிட்டார்.

"இதயத்துல இருந்து கெளம்புற பெரிய ரத்தக்குழாய் உங்களுக்கு வீங்கியிருக்கும்மா. அதோட செவுரு பிறவியிலயே மெலிசு. அதுக்கு மேல பிரஷர் வேற நூத்தி எழுபது. உங்க அண்ணனுக்குக் கிழிஞ்சது இந்தக் குழாய்தான்."

"எக்கா, நீதான் வேற சாமி கும்புடுறியே," என்றான் மாரிக்கண்ணன். "ஒனக்கு எப்பிடிக்கா?"

"மாத்திரைய ஒருநாள்கூட விடக்கூடாது. தலைச்சுமை தூக்கக்கூடாது. பிரஷர அடக்கி வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா ரொம்ப வருசம் நல்லா இருக்கலாம்," என்ற டாக்டரம்மா, சற்று நிறுத்தி, "பிள்ளைங்க இருக்காங்களா? அவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு," என்றார்.

முருகலட்சுமிக்குத் தன் நெஞ்சு மறந்துபோனது. வெளியே பெஞ்சில் தங்கச்செல்வி உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது. ஒற்றை மகள். அப்படியே தாத்தா உயரம், தாத்தாவின் நீள நீள விரல். கோயில் கொடை விழாவில் யாராவது அதைச் சொன்னால் முருகலட்சுமி பூரித்துப்போவாள். வீட்டுக்கு வந்ததும் மிளகாய் சுற்றிப் போடுவாள். அவள் பயந்ததெல்லாம் வெளியிலிருந்து வருகிற கண்ணுக்குத்தான்.

"உள்ள வா தாயி."

"எனக்கு எதுக்கும்மா? நான் நல்லாத்தான இருக்கேன்."

"நானும் நல்லாத்தான் இருந்தேன்."

அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் அதற்குமேல் பேசாமல் வந்து ஏறிப் படுத்தாள். கட்டிலுக்கு நீளம் போதாமல் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தார்கள். முருகலட்சுமி மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள். மறுபடியும் அந்தச் சோளத்தட்டைக் காற்று அறை முழுக்க வீசத் தொடங்கியது. டாக்டரம்மா திரையில் முதல் புள்ளியை வைத்தார்.