சீசன் முடிந்ததும் கட்ட வேண்டிய டிவி

குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில் இருபத்திரண்டு அறைகள். அறைக்கு ஒரு டிவி. ஒவ்வொன்றையும் இரும்புச் சட்டத்தில் வைத்துச் சுவரோடு முடுக்கியிருக்கிறார்கள். குளிக்க வருகிறவர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். தினமும் இருபத்திரண்டையும் துடைக்கிறேன், ஒன்றுகூட அசையாது. அசைவது என் வீட்டு டிவிதான்.

அது என் அண்ணன் மாரிராஜ் கொடுத்தது. அவன் போலீஸ். சென்னைக்கு மாற்றலாகிப் போகும்போது, "நாப்பத்திமூணு இஞ்சு, நீயே வச்சுக்கோ" என்று மேலகரத்தில் எங்கள் வாடகை வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். மூன்று டிராயர் வைத்த மேசை ஒன்று இருந்தது, அதன்மேல் வைத்தோம். அவ்வளவு அகல டிவிக்கு இரண்டே இரண்டு குச்சிக் கால்கள்.

என் மகள் அபிக்கு இரண்டரை வயது. டிவி வந்த வாரமே டிராயர்களை இழுத்துப் படியாக்கி ஏறி, பொம்மைப் படத்து முயலைத் தொடக் கை நீட்டினாள். டிவி தலையை ஆட்டியது. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

என் புருஷன் தேவா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசனில் விடியும் முன்பே போய்விடுவார். ஊர் முதுகையெல்லாம் தேய்த்துவிட்டு மதியம் வந்தால், சோற்றைப் பிசையக்கூடக் கை வராது.

"ஏங்க, அதச் சுவத்தோட சேத்து ஒரு கட்டுக் கட்டிருங்க. பிள்ள மேல சாஞ்சிரும்."

"கட்டுவோம்ட்டி. சீசன் முடியட்டும்."

இந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். கல்யாணம் பேச, ஓடு மாற்ற, பல் பிடுங்க எல்லாவற்றுக்கும் சீசன் முடிய வேண்டும். என் கடைவாய்ப் பல் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறது.

சரி, நானே ஆணி அடிக்கிறேன் என்று சுத்தியலை எடுத்தேன். சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் பிச்சுமணி அண்ணாச்சி இறங்கிவந்தார்.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தானம்மா வீட்ட விட்டேன்? சாரல் குடிச்ச சுவரு. காரை மொத்தமாப் பேந்து வந்துரும்."

"பிள்ள ஏறுதாளே அண்ணாச்சி."

"சீசன் முடியட்டும். சுவரு காஞ்ச பெறவு நானே ஆள விட்டு அடிச்சுத் தாரேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். நான் அடித்த ஆணி விரலால் இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது.

லாட்ஜில் எலக்ட்ரீசியன் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியிடம் சொன்னேன். பைக்கில் மூட்டை கட்ட வைத்திருந்த நாடாப் பட்டையையும் இரண்டு ஸ்குரூவையும் தந்தார்.

"சுவரு எதுக்கு? சன்னல் கம்பி இருக்குல்லா. டிவிக்குப் பின்னால ஸ்குரூ ஓட்டை இருக்கும். அதுல பட்டைய முடுக்கி, கம்பியோட இழுத்துக் கட்டு. டிராயர் சுவத்தப் பாக்குற மாரி மேசையத் திருப்பிப் போடு, பெறவு எப்படி ஏறுவா? பத்து நிமிச வேல."

பத்து நிமிஷ வேலைதான். ஆனால் மேசையைச் சன்னலடிக்கு நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். சாரல் தெறிக்காமலிருக்கச் சன்னலையும் அடைக்க வேண்டும்.

"இருக்கது ஒரே சன்னல். அதையும் அடைச்சா மூச்சு முட்டும்ட்டி," என்றார் தேவா, பாயில் படுத்தபடியே. "கையத் தூக்க முடியல. சீசன் முடியட்டும்."

நானும் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு முப்பது போர்வை அலசியிருந்தேன், எனக்கும் முடியவில்லை. பட்டையைச் சுருட்டி மேல் டிராயரில் போட்டுவிட்டுப் படுத்தேன். பெற்ற பிள்ளைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்காத தாய் நான்தான்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. மூன்று மணிக்கு வீடு திரும்பி வாசலில் குடையை மடக்குகிறேன். உள்ளே தேவா மேசைக்கு முன்னால் பாயில் அயர்ந்து தூங்குகிறார். அபி நடு டிராயரில் நிற்கிறாள். இரண்டு கையும் டிவியின் விளிம்பில்.

"அபி" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தவள் பிடியை விடவில்லை. டிவி அவளோடு சேர்ந்து சாய்ந்தது. என் சத்தத்தில் விழித்த தேவா, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் வலது கையை நீட்டினார். பிள்ளை அவர் நெஞ்சில் விழுந்தாள். டிவி அவர் மணிக்கட்டில் இறங்கியது.

அபிக்கு ஒன்றுமில்லை. டிவியோடு விழுந்த முயலுக்காகத்தான் அழுதாள். டிவிக்கும் ஒரு கீறல் இல்லை, அவர் கை தாங்கிக்கொண்டதே. தென்காசி ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். சீசன் கூட்டமோ இன்னும் நாலைந்து வாரம்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தேவா கேட்டார்.

"அந்தப் பட்டைய எங்க வச்ச?"

எடுத்துவந்தேன். மேசையைத் திருப்பினேன். நான் கையாலும் அவர் இடுப்பாலும் தள்ளிச் சன்னலடிக்குக் கொண்டுபோனோம். டிவியைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். அவர் இடது கையால் டிவியைப் பிடித்துக்கொண்டார், நான் ஸ்குரூவை முடுக்கிப் பட்டையைக் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். இசக்கிப்பாண்டி அண்ணாச்சி சொன்ன பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் இடது கையால் டிவியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. நான் சன்னல் கதவைச் சாத்தினேன்.

"மூச்சு முட்டும்னீங்களே," என்றேன்.

"முட்டட்டும்," என்றார். "எனக்குத்தான் சீசன் முடிஞ்சிட்டுல்லா."