உரிச்சியா?

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய வலைத்தளம் அது. கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் சிப் எது வந்தாலும் ஓடவிட்டுப் பார்த்து, எது வேகம், எது வெறும் வாய்ச்சவடால் என்று எழுதுவார்கள். போன வருடம் ஒரு சிப் கம்பெனி அக்காவை வேலைக்கு இழுத்துக்கொண்டது. விமர்சனம் எழுதுகிறவர்களோடு ஒட்டும் கூடாது, உறவும் கூடாது என்பது அங்கே விதி. கூடப் பிறந்தவனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அறையில் இரண்டு நாற்காலி, ஒரே ஆள்.

இப்போது அவள் கம்பெனியின் சிப்பும் போட்டிக் கம்பெனியின் சிப்பும் ஒன்றாக மேசைக்கு வந்தன. தாளில் பார்த்தால் அக்கா கட்சிதான் ஜெயிக்க வேண்டும். மூன்று நானோமீட்டர் தொழில்நுட்பம் (இந்த எண் குறையக் குறைய உசத்தி), ஐந்தரை கிகாஹெர்ட்ஸ் வேகம். எதிராளியுடையது பழைய ஐந்து நானோமீட்டர். வேகமும் ஒரு மாற்றுக் குறைவு.

ஓடவிட்டால் கதை தலைகீழ். அக்காவின் சிப் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சூடு நூறு டிகிரியைத் தொட்டது. வேகம் பாதிக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. சூட்டைப் பார்த்ததுமே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டான். ‘நானோமீட்டரைக் குறைத்தவர்கள் வாயையும் குறைத்திருக்கலாம்’ என்று காரசாரமாக எழுதி வெளியிட்டான். கோபத்திலாவது கூப்பிடுவாள் என்று ஒரு நப்பாசை. அத்தனை காரமும் அதற்காகத்தான்.

மதியம் கூப்பிட்டாள். ஹலோகூட இல்லை.

"உரிச்சியா?"

ஒவ்வொரு சிப்போடும் தனியாக வரும், அதன் மேல் மாட்டும் கூலரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டினால் சூடு போக வழியில்லாமல் எந்தச் சிப்பும் திணறும். சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் இதைத்தான் கேட்பாள். "நான் என்ன பச்சக் குழந்தையா?" என்று இவன் எரிந்து விழுவான்.

அக்கா சிப்பின் கூலரைக் கழற்றிப் பார்த்தான். தாள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"உரிக்கலக்கா."

"சரி, திரும்பப் போட்டுப் பாரு."

"நீ எப்படி இருக்க?"

"விதி தெரியுமில்லடா. வேளைக்குச் சாப்பிடு. வச்சிடறேன்."

தப்பை ஒப்புக்கொண்டு எழுதினான். மறுபடி சோதித்தான். அவள் சிப்தான் ஜெயித்தது, நல்ல வித்தியாசத்தில். அதையும் எழுதினான். போன் வரவில்லை. சரியாக எழுதுகிறவனைக் கூப்பிட அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

சில மாதம் கழித்து அவள் கம்பெனியின் அடுத்த சிப் வந்தது. கூலரைத் திருப்பி, தாளை உரித்து, கையில் வைத்துக்கொண்டே நின்றான். திரும்ப ஒட்டிவிட்டால் அவள் கூப்பிடுவாள். நிச்சயம் கூப்பிடுவாள். கை அந்தப் பக்கம் போகக்கூடப் போனது.

கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டான்.

"உரிச்சிட்டேன்க்கா" என்றான், காலி நாற்காலியைப் பார்த்து.