மையவாடிக்குப் போகும் வழி

மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியின் மேல் விரிக்கவேண்டிய துணியை ஹனா உதறி மடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வாப்பாவின் தம்பி, சாச்சா நஸீரின் குரல் மறுபடியும் உயர்ந்தது.

"வேனுக்குச் சொல்லிட்டேன். கம்பளைக்கே கொண்டு போயிருவோம். இங்க மையத்தத் தூக்க ஆள் எங்க இருக்கு?"

விடியற்காலையில் கடையைத் திறக்கும்போதே வாப்பா அன்ஸார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இப்போது குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, நடு அறையில் கிடத்தியிருந்தார்கள்.

சாச்சா சொன்னதில் பொய் இல்லை. டயகம டவுனுக்கும் மேலே, ஒரு வளைவில் தொடங்கி அடுத்த வளைவில் முடிந்துவிடுகிற ஊர் இது. இரண்டு வரிசைக் கடைகள், கீழே ஆறு, சுற்றிலும் தேயிலை. பள்ளிவாசலைச் சேர்ந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுவிட்டன. இளைஞர்கள் கொழும்பிலும் கத்தாரிலும் இருந்தார்கள். மிஞ்சியவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தொழுகைக்கு வருகிற வயசாளிகள். அடக்கம் செய்யும் மையவாடியோ ஆற்றுக்கு அக்கரையில், வாகனம் ஏறாத செங்குத்துச் சரிவில்.

ஹனா வெளியே வந்தாள். "வாப்பா இந்த ஊர விட்டு ஒருநாளும் போக நினைக்கல, சாச்சா. கம்பளையில உங்களோட வந்து இருக்கச் சொல்லி நீங்க எத்தன தரம் கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டேன் மக. கடையப் பூட்டுனா மேல தோட்டத்துல உள்ளவங்க தீப்பெட்டிக்கும் டயகமவுக்கு எறங்கணும்னு சொல்லிச் சொல்லியே இருந்துட்டாரு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாதி வழியில கூடப்பொறந்த நானாவக் கீழ வெக்கிற மாதிரி ஆயிட்டா என்னால தாங்க முடியாது."

உள்ளேயிருந்து உம்மா ரஸீனா காலையிலிருந்து முதல் தடவையாகப் பேசினாள். "அவரக் கொண்டு போயிராதீங்க."

சாச்சா வாசல் படியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லொறி டிரைவர் டக்ளஸ் மூச்சிரைக்க வந்து நின்றான். கழுத்தில் சிலுவை, காலில் சேறு.

"எப்ப எடுக்கிறீங்க? தோள் குடுக்க எங்க ஆளுங்க எறங்கி வந்துக்கிட்டு இருக்காங்க. கோயில் ஸ்பீக்கர்ல சொன்னதும் மலையில வேலைய விட்டுட்டாங்க."

போன மழையில் மண் சரிந்து பாதை அறுந்தபோது, வாப்பா அரிசியையும் மாவையும் தோளில் சுமந்துகொண்டு தேயிலைக்குள்ளால் மேல் டிவிசனுக்கு ஏறியவர். இறங்கும்போது, இடுப்பு வலி கண்டிருந்த டக்ளஸின் மனைவி ஜெயந்தினியை நாற்காலியில் வைத்துத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். வீட்டுக்கு வந்து, "புள்ள பொறந்திருச்சு, கொஞ்சம் பிளேன்டீ தா" என்று மட்டும்தான் சொன்னார்.

சாச்சா தயங்கி, பக்கத்தில் நின்ற பள்ளிவாசல் மௌலவியைப் பார்த்தார். "இவங்க தூக்கலாமா?"

"தொழுவிக்கத்தான் நாங்க வேணும். தூக்கத் தோள் இருந்தாப் போதும்," என்றார் மௌலவி.

சாச்சா போனை எடுத்து, வேன் வேண்டாம் என்றார்.

பள்ளிவாசலில் தொழுகை முடியும்வரை மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் தூறலில் வெளியே காத்து நின்றார்கள்.

ஹனா பின்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். சந்தூக் பாலத்தைக் கடந்து சரிவில் ஏறியது. தொப்பி போட்டவர்களும், தலையில் கைக்குட்டை கட்டியவர்களும், கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்தவர்களும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். ஒரு வழுக்கலில் சந்தூக் சாய்ந்தது. பல கைகள் ஒரே நேரத்தில் நீண்டு அதை நிமிர்த்தின.

"போயிட்டாங்களா?" உம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

ஹனா மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். சந்தூக் பனிமூட்டத்துக்குள் மறைந்துவிட்டது. வரிசையின் கடைசி ஆட்கள் இன்னும் பாலத்துக்கே வந்துசேரவில்லை.