டொக் டொக் என்று சொன்னது நான்தான்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பெரிய பொய் இல்லை, இரண்டே சொல். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் என் அக்காவின் காரில் ஒரு சத்தம் வந்தது. அதை மெக்கானிக்கிடம் போனில் சொல்லும் பொறுப்பை நானாகவே தலையில் போட்டுக்கொண்டு, "டொக் டொக்னு வருதுண்ணே" என்றேன்.

அப்படி வரவில்லை. அந்தச் சொல் வாய்க்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

காலை வெயிலில் அந்த வெள்ளைக் கார் காயம்பட்ட விலங்கைப் போல…

[வேண்டாம். கார் காரைப் போலத்தான் நின்றது.]

அப்புறம் இப்படி:

அக்கா பேசமாட்டாள். அவளுக்காக அவளுடைய கார்தான்…

[இது அதைவிட மோசம். அக்கா பேசுவாள். திக்கித் திக்கி வரும். ஒரு வாக்கியம் முழுசாக வெளியே வருவதற்குள் நான் அதை முடித்துவிடுவேன். நாற்பது வருடப் பழக்கம். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.]

3

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கார்தான் அக்காவின் பிழைப்பு. எட்டுப் பிள்ளைகளை இரண்டு நடையாகப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருகிறாள்.

மெக்கானிக் போனில் கேட்டார்: "மிதிக்க மிதிக்கக் கூடுதா?"

"கூடுது."

"டொக்குன்னா உள்ள பேரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கணும் தம்பி. மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஓட்டவேண்டாம்னு சொல்லுங்க."

மூன்று வாரம் எந்தப் பெற்றோர் காத்திருப்பார்கள்? வேறு கார் பார்ப்பார்கள். பார்த்தால் போனவர்கள் போனவர்கள்தான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "அ… அது அப்படி…" என்று ஆரம்பித்தாள்.

"அப்படித்தான்க்கா, என்ன பண்றது" என்று முடித்துவைத்தேன்.*

* அவள் சொல்லவந்தது "அது அப்படி இல்லடா" என்பது. எனக்கு இது மறுநாள்தான் உறைத்தது.

4

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கட்டுரை மாதிரி பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடகட, தடதட, கரகர, நறநற… சத்தத்துக்குப் பஞ்சமே இல்லாத மொழி நம்முடையது. கதையில் ஓசை நயம் பார்த்து அதில் ஒன்றைப் பொறுக்கிப் போடுவேன். எதைப் போட்டாலும் யாருக்கும் சேதம் கிடையாது.

பட்டறையில் அப்படி இல்லை. கிணுகிணு என்றால் ஒரு கோளாறு, கீச் என்றால் பெல்ட், டொக் என்றால் இன்ஜின் காலி. நான் அலட்சியமாக ஒரு சொல்லைப் போட, அதை நம்பி ஒரு மனிதர் இன்ஜினைப் பிரிக்கத் தயாராகிவிட்டார். என் சொல்லுக்கு இத்தனை பலம் இருந்தது இதுதான் முதல் தடவை.

5

மறுநாள் காலை காரைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போனோம். இன்ஜினைத் தூக்கும் சங்கிலி தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஓட்டுறது யாரு?" என்றார் மெக்கானிக்.

"அக்காதான். என்ன ஆச்சுன்னா…"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி. எம்மா, அந்தச் சத்தத்தை வாயால போட்டுக் காட்டுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவர் ஸ்பானரை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

அக்கா கண்ணை மூடினாள். வலது கால் தரையில் இல்லாத பெடலை மிதித்தது. உதட்டிலிருந்து அந்தச் சத்தம்

ட்ஸ்

ட்ப்ஸ்

[இல்லை. எழுத வரவில்லை.]

ஒரு இடத்திலும் அவளுக்குத் திக்கவில்லை. கால் அழுந்த அழுந்தச் சத்தம் வேகமெடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு துளிக் காற்று. வண்டி சூடேறியதும் சத்தம் மெலிவதைக்கூட அவள் விடவில்லை, அதையும் போட்டுக் காட்டினாள். டயர் கழற்றிக்கொண்டிருந்த இருவர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நாற்பது வருடம் பக்கத்திலேயே இருந்தும், இவள் உலகத்தை இப்படிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"இன்னொரு தடவைம்மா" என்றார் மெக்கானிக், மெதுவாக. கேட்டுவிட்டுச் சங்கிலியை ஓரம் தள்ளினார். "இதுல காத்து இருக்கு. இரும்பும் இரும்பும் இடிச்சா காத்து எங்கிருந்து வரும்?"

புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். துணி முழுக்கக் கரி. "போல்ட் தளர்ந்து, இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் தகடு பிஞ்சிருக்கு. புகை இங்கதான் கசியுது. இன்ஜின் நல்லா இருக்கு. மத்தியானம் வண்டியை எடுத்துக்கலாம்."

அக்கா சிரித்தாள்.

6

முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

நான் மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா கண் கலங்கி… [எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை.]

அன்றிலிருந்து அக்கா தங்குதடையின்றிப் பேச… [திக்குவாய் என்ன கேஸ்கெட்டா, மத்தியானத்துக்குள் மாற்றுவதற்கு?]

நடந்தது இதுதான். பிள்ளைகளை அழைக்கக் கிளம்பினோம். அக்கா ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தாள். இன்ஜின் சத்தமே இல்லாமல் இழுத்தது. பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டேய், நீ இ… இனிமே…"

அந்த வாக்கியத்துக்கு என் நாக்கில் ஐந்து முடிவுகள் தயாராக நின்றன. உங்களுக்கும் இந்நேரம் ஒன்றிரண்டு தோன்றியிருக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.