எந்த ஊர்

செவ்வாய்க்கிழமை. பத்து மணிப் பால்தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருந்தது. நிசாந்தினி அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டாள். வாரத்தில் ஒருநாள் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் உளவியலாளர் அவள்.

வந்தவர்கள் இரண்டு பேர். பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் தனியாக இருக்கும் கச்சு முகம்மது. அவரைப் புத்தளத்துக்குக் கூட்டிப்போக வந்திருந்த மகன் சப்ராஸ்.

“வாப்பாவுக்கு அறளை பேந்திட்டுது, மிஸ். வயசில ஞாபகம் பிசகிட்டுது. பிறந்த ஊரில நிண்டுகொண்டு, ஆர் கேட்டாலும் நான் புத்தளம் எண்டுறார். தனிய இருக்க ஏலாது எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. சும்மா கூப்பிட்டா வரமாட்டார்.”

“நான் பக்கத்திலதான் இருக்கிறன். மெல்லக் கதை,” என்றார் கச்சு முகம்மது.

நிசாந்தினி அவரிடம் திகதி கேட்டாள். சரியாகச் சொன்னார். பிறைக் கணக்கிலும் சொல்லட்டுமா என்றார்.

“நூறில இருந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கொண்டு போங்கோ, ஐயா.”

“என்ன சாமான், மகள்?”

“சாமான் இல்லை. சும்மா கணக்கு.”

“சும்மா ஆராவது குறைப்பாங்களா? நான் கடை வைச்சிருந்தவன்.”

குறைத்தார். பிழை இல்லை.

“நீங்க எந்த ஊர்?”

“புத்தளம்.”

சப்ராஸ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

“பிறந்தது?”

“தண்ணீரூற்று. அதை ஆர் கேக்கிறாங்கள்?”

“பிறகேன் புத்தளம் எண்டுறீங்க?”

“தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னாங்கள். புத்தளம் போனம். அங்க எங்களுக்கு அகதி எண்டு பேர். திரும்பி வந்தன். இஞ்ச புத்தளத்தார் எண்டுறாங்கள். இல்லையெண்டு சொல்லிப் பாத்தன். ஒவ்வொருத்தனுக்கும் விளங்கப்படுத்த அரைநாள் போகுது. இப்ப அவங்கள் சொல்றதையே நானும் சொல்றன். கதை முடிஞ்சிரும்.”

நிசாந்தினி பேனையை மூடினாள். ஒருவருக்கு மனநோய் என்று சொல்ல நான்கு அடையாளங்கள்: பெரும்பாலானவர்களிலிருந்து விலகி நடப்பது, அதனால் துன்பம், அன்றாட வேலை கெடுவது, ஆபத்து. பரீட்சைக்கு இந்த ஒழுங்கில்தான் பாடமாக்கியிருந்தாள். இந்த மனிதர் ஊரில் பெரும்பாலானவர்கள் சொல்வதைத்தான் சொல்கிறார். துன்பப்படுவது மகன். சமையல், கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, பள்ளிவாசலுக்குப் போவது எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறார். ஆபத்து என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். வயது எழுபத்தாறு. வயது ஒரு நோயல்ல.

“ஐயாவுக்கு எங்க இருக்க விருப்பம்?”

“இருக்கிற இடத்தில.”

அவள் சப்ராஸின் பக்கம் திரும்பினாள். “அப்பாவுக்கு ஞாபகத்தில ஒரு குறையும் இல்லை. துண்டு தர ஏலாது. அவர் விரும்பின இடத்தில இருக்கலாம்.”

கச்சு முகம்மது எழும்பி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். சப்ராஸ் எழும்பவில்லை.

“எனக்கு அங்க கடை, மிஸ். பிள்ளையள் அங்க படிக்குதுகள். இஞ்ச வந்து இருக்க ஏலாது.”

“விளங்குது.”

“அவர் கிணத்தடியில வழுக்கி விழுந்தா, ஆர் மிஸ் தூக்கிறது?”