கூடத்தில் நின்ற அலை

மகளைக் கடல் கொண்டுபோன அன்று மாலை ஐந்தரை மணிக்கு, கதவுத் தச்சர் வீட்டுக்குள் ஓர் அலை வந்து கூடத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஆள் உயரம். உடையவும் இல்லை, வடியவும் இல்லை. நாற்காலிகளை மட்டும் சுவரோரம் ஒதுக்கியது. தச்சர் அப்போது வாசலில் இருந்தார், அவர் மனைவி உள்ளறையில் இருந்தாள். அப்படியே ஆளுக்கொரு பக்கமாகிப் போனார்கள். பின்கதவு வழியாகப் போகலாமே என்று யோசனை சொல்லாதவர்கள் இல்லை. ஊர் வாய் சும்மாவா இருக்கும்? அதையும் திறந்து பார்த்தார். அங்கேயும் அதே அலைதான் நின்றது. நீந்திப் பார்த்தார், அலை அவரை வாய் நிறைய உப்போடு வாசற்படியில் கொண்டுவந்து போட்டது. சோற்றுத் தூக்கை மிதக்கவிட்டால் மட்டும் மறுபக்கம் போய், காலியாகக் கழுவித் திரும்பி வந்தது. அதைக் கொண்டுதான் ஒரு வருஷம் அவள் உயிரோடு இருப்பதை அவர் அறிந்தார். பிறகு தூக்கு பாதிச் சோற்றோடு வர ஆரம்பித்தது.

அதற்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. அலையைத் தாண்ட அலைச்சறுக்குப் பலகை வேண்டும். மகள் தினமும் அலையேறியதும், கடைசியாகப் போனதும் அப்படி ஒரு வாடகைப் பலகையில்தான் என்பதால் வாங்க மனம் ஒப்பவில்லை; தானே செய்ய உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் செய்த ஒரு கதவுகூட மழைக்காலத்தில் இறுகிக்கொண்டது கிடையாது. அந்தப் பெருமை லேசுப்பட்டதல்ல. நடுச்சட்டத்தை நூல் பிடித்தாற்போல் அறுத்தார். விலாச் சட்டங்கள் பொருத்தி இரண்டு பக்கமும் மெல்லிய பலகையால் மூடினார். மூலைமட்டம் வைத்து விளிம்புகளைச் சரிபார்த்தார். ரசமட்டத்தில் குமிழி அசையாமல் நடுவில் நின்றது. நாற்பது நாள் வேலை. அதன்மேல் படுத்துத் துழாவிக்கொண்டு போனால், மூக்கு சர்ரென்று தண்ணீரில் குத்தியது. அவர் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். பதினொரு தடவையும் இதே கதைதான்.

மகளுக்குப் பலகை வாடகைக்கு விட்ட பெண்ணின் முகத்தில் விழிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர், அதை விட்டுவிட்டுப் பலகையோடு கடற்கரைக்குப் போனார். அவள் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க செஞ்சிருக்கறது கதவு. தண்ணி நேராவா இருக்கு, பலகை நேரா இருக்க? மூக்கை மேல தூக்குங்க. ஓரத்தை உருட்டுங்க."

பலகையைத் திருப்பிக் கொடுத்தபடி, "அன்னைக்கு நான் குடுத்த பலகையில ஒரு குறையும் இல்லண்ணே" என்றாள்.

"தெரியும்மா" என்றார். உண்மையில் அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வளைந்த சட்டத்தை அவர் ஆயுசில் பட்டறைக்குள் விட்டதில்லை. இப்போது வளைத்து அறுக்க உட்கார்ந்தால், பழகிய கை நேர்க்கோட்டுக்கே இழுத்தது. இரண்டு சட்டம் பாழானது. மூன்றாவது வளைந்து கொடுத்தது. ஓரத்தை உருட்டி இழைத்து, அடியில் மீனுக்கு இருப்பதுபோல் ஒரு துடுப்பு வைத்து, கால் வழுக்காமல் மேலே மெழுகு தேய்த்து முடித்த வாரத்தில், தூக்கு மூன்று நாளாகத் தொடாத சோற்றோடு வந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள் காலை பலகையில் ஏறினார். மூக்கு குத்தவில்லை. முழங்காலிட்டார், பிறகு எழுந்து நின்றார். மூன்று மூச்சு நேரம் அலை அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த மூன்று மூச்சும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளறை வாசலில் இறங்கியபோது வெட்கமாக இருந்தது.

மனைவி எலும்பும் தோலுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு சிரிச்சீங்க?"

"நம்ம பொண்ணு ஏன் தெனமும் கடலுக்குப் போனான்னு தெரிஞ்சுபோச்சு."

 அவள் எழுந்து வந்து, பலகையின் ஓரத்தில் கை வைத்து, அந்த ஒரு வருஷத்து அழுகையை அழுதாள். அவரும் அழுதார். அழுது முடிந்ததும், "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றாள்.

அலை போகவில்லை. கதவு செய்யச் சொல்ல வருகிறவர்கள் செருப்பை மேல்படியில் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தச்சரின் மனைவி தன் பலகையில் உள்ளேயிருந்து அலைமேல் நின்றபடியே வந்து இறங்கி, புடவையைப் பிழிந்துவிட்டு, கதவின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கேட்பாள்.